கூரை மேல் ஒரு சிவப்புப் புள்ளி

திறப்பு விழாவுக்கு இன்னும் எழுபத்தொரு மணி நேரம் இருந்தபோது, எங்கள் மிதவை, ஆய்வகக் கட்டடத்தின் கூரை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நிஜத்தில் ஏறவில்லை. வரைபடத்தில். படகில் போனால் அரை நாள் தூரத்தில், நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டிய மிதவை அது. கடல்நீரின் வெப்பத்தையும் உப்பையும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து செயற்கைக்கோள் வழியாக எங்களுக்கு அனுப்புவது அதன் வேலை. அலையின் உயரத்தையும் அளக்கும். ஆனால் அலைக் கருவி இரண்டு வருடத்துக்கு முன்பே பழுதாகிவிட்டது. அதனால் அந்தக் கட்டம் மட்டும் காலியாக வரும். கட்டங்கள் காலியாக வருவது எங்கள் ஆய்வகத்தில் யாரையும் உறுத்தியதில்லை.

எனக்கு அங்கே ஒப்பந்த வேலை. பதவியின் பெயர் நீளமானது. சுருக்கமாகச் சொன்னால், விஞ்ஞானிகள் இத்தனை காலமாகக் கடலில் அளந்து வைத்திருப்பதையெல்லாம் வாங்கி, யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கக்கூடிய ஓர் இணையதளத்தில் போட வேண்டும். தளத்துக்கு ‘கடல் எல்லோருக்கும்’ என்று பெயர். பெயரை முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். எழுத்தின் நிறத்தை முடிவு செய்ய இன்னொரு குழு போட்டார்கள். தரவுகளைக் கொடுப்பதற்குத்தான் குழு போட மறந்துவிட்டார்கள்.

ஆகவே நான் அறை அறையாகப் போய் நின்றேன். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. வாசலில் நிற்பேன், அவர்களாக நிமிர்ந்து பார்க்கும்வரை. ஆய்வகத்தில் எனக்கு ‘ம்யூட்’ என்று பெயர். ஒருவர் பத்து வருட நீரோட்டக் கணக்கைப் புகைப்படமாக எடுத்துக் கொடுத்தார், ஓரத்தில் அவர் கட்டைவிரலோடு. இன்னொருவர் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பைக் கொடுத்தார். கடவுச்சொல் ஓய்வு பெற்றுப் போன உதவியாளருக்குத்தான் தெரியுமாம். மூன்றாமவர் தாராள மனசுக்காரர். ‘கடைசி’, ‘கடைசி புதுசு’, ‘இதுதான் கடைசி’ என்று மூன்று கோப்புகள் கொடுத்தார். மூன்றிலும் கடலின் ஆழம் வேறு வேறாக இருந்தது. எது சரி என்று கேட்டதற்கு, மூன்றுமே அந்தந்த நேரத்தில் சரிதான் என்றார்.

எதுவுமே கொடுக்காதவர் ஒருவர்தான். மிதவைப் பிரிவின் தலைவர். அவரை எல்லோரும் பெட்டகம் என்பார்கள், அவர் காதில் விழாதபடி. அவரிடமிருந்து தரவு கேட்டால் முதலில் காரணம் கேட்பார். காரணம் சொன்னால் கடிதம் கேட்பார். கடிதம் கொடுத்தால் சுற்றுப்பயணம் போய்விடுவார். கட்டுரை வெளிவந்ததும் தருகிறேன் என்பது அவர் வாக்குறுதி. கட்டுரை வெளிவந்ததும் அடுத்த கட்டுரை வெளிவரட்டும் என்பார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்புதான். அவர் தும்மினால் என் மேசை ஆடும். அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் மிதவையின் ஓர் எண்கூட வந்தது கிடையாது.

கடைசியில் இயக்குநர்தான் வழி கண்டுபிடித்தார். அவருக்கு ‘நேரடி’ என்ற சொல் மேல் ஒரு மயக்கம். கிரிக்கெட்டை நேரடியாகக் காட்டும்போது கடலைக் காட்டக்கூடாதா என்று கேட்டார். பெட்டகத்திடம் இருக்கும் பழைய தரவு அவரிடமே இருக்கட்டும், செயற்கைக்கோளிலிருந்து வரும் சமிக்ஞையை அப்படியே தளத்தின் வரைபடத்தில் இணைத்துவிடு என்று எனக்கு உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை முற்பகல் இணைத்தேன். கடலுக்கு நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி வரும் என்று காத்திருந்தேன். புள்ளி வந்தது. எங்கள் கூரை மேல்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மிதவை தான் இருக்கும் இடத்தையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே அனுப்பும். ஆனால் அதை எங்கள் கட்டடத்தில் பல வருடங்களாக யாரும் பார்த்ததில்லை. முன்பு எப்போதோ ஒரு மீன்பிடிப் படகு இந்த மிதவையில் கயிறு கட்டிவிட்டுத் தூங்கியிருக்கிறது. அதிலிருந்து மிதவை இருக்கும் இடம் ரகசியம் ஆகிவிட்டது. சமிக்ஞை பெட்டகத்தின் கணினிக்கு வந்ததும், ஒரு சின்ன நிரல் இடம் சொல்லும் இரண்டு வரிசைகளையும் வெட்டிப் போட்டுவிடும். நான் இணைத்த வழி அவர் கணினியைத் தொடாமல் நேராக வந்தது. படகுக்காரர்கள் நடுக்கடலில் அந்த மஞ்சள் மிதவையைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இருந்தாலும் எங்களுக்கே தெரியாமல் பாதுகாத்தோம்.

தவறு என்னுடையது என்றுதான் முதலில் நினைத்தேன். எந்தத் தவறும் என்னுடையது என்று நினைப்பது என் வழக்கம். கணினிப் பிரிவில் இருக்கும் சர்வர் அண்ணனிடம் போய் நின்றேன். அவர் திரையைப் பார்க்காமலே தீர்ப்பு சொன்னார். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போட்டிருப்பேனாம், புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வதுதானாம். மாற்றிப் போட்டால் புள்ளி வட துருவத்துப் பனியில் போய் விழும், நமது கூரை மேல் அச்சாக விழாது என்று அவரிடம் சொன்னேன். மனதுக்குள்.

இயக்குநர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“நாமதான் கடல்னு நெனச்சுக்கப் போறாங்கம்மா,” என்றார். பிறகு முகம் மாறியது. “திங்கக்கிழமைக்குள்ள இதக் கடல்ல தள்ளிடு.”

பெட்டகம் எழுந்து வந்தார். மரத்தடுப்பைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் அவர் வந்தது அதுதான் முதல் முறை. புள்ளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டுமே அவருக்குப் பிடிக்கவில்லை.

“மிதவைய எறக்கினப்ப கப்பல்ல இருந்தது நானா, செயற்கைக்கோளா?”

“நீங்க சார்.”

“அப்ப நான் சொல்ற எடத்தப் போடு. கையால எழுது. சேட்டிலைட்டுக்கு என்ன தெரியும்.”

ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதித் தந்துவிட்டு, படித்ததும் கிழித்துப் போடச் சொன்னார். ரகசியமாம். இன்னும் மூன்று நாளில் உலகமே பார்க்கப் போகிற வரைபடத்துக்கான எண்கள் அவை.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடமாக அந்த மிதவை ஓர் அதிசயத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது. கடலின் உப்பு வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். திங்கட்கிழமை காலை பத்தரை மணி வாக்கில் சடாரென்று இறங்கும். மறுபடி ஏறும். அடுத்த திங்கட்கிழமை மறுபடி இறங்கும். அதற்கு முந்தைய வருடங்களில் அப்படி எதுவும் இல்லை. பெட்டகம் இதற்கு ‘ஏழு நாள் துடிப்பு’ என்று பெயர் வைத்தார். கடலடிப் பாறைக்குள் அடைபட்டிருக்கும் நல்ல தண்ணீர் வாரம் ஒரு முறை பீறிட்டு வருகிறது என்பது அவர் கொள்கை. கடலின் குணமே இரண்டு வருடத்துக்கு முன் ஒரே நாளில் மாறிவிட்டது என்று மாநாடுகளில் படம் போட்டுக் காட்டினார். கடலுக்குத் திங்கட்கிழமை என்று எப்படித் தெரியும் என யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தரவைக் கொடுத்திருக்க மாட்டார்.

திறப்பு விழாவைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வைத்ததும் அவர்தான். விருந்தினர் கண் முன்னால், பெரிய திரையில், கடல் துடிக்க வேண்டும்.

இது அவரோடு போயிருந்தால் நான் எண்களை எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அந்தத் துடிப்பின் மேல்தான் என் அக்காவின் முனைவர் பட்டம் நிற்கிறது.

அக்கா பெட்டகத்தின் மாணவி. ஐந்து வருடமாக. ஆய்வகத்துக்குள் நாங்கள் அக்கா தங்கை கிடையாது. சிபாரிசு என்று பேச்சு வந்துவிடும் என்பதால் நான் அவளை மேடம் என்பேன், அவள் என்னை ‘நீங்க’ என்பாள். வீட்டில் என் சீப்பை எடுத்துப் போகிறவள். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. அது முடிந்தால் வேறொரு ஆய்வகத்தில் அவளுக்காக ஒரு நாற்காலி காத்திருக்கிறது. எங்கள் அம்மா மாடிப்படியில் ஏறி இறங்குகிற ஒருவரையும் விடாமல் நிறுத்தி, கடல் வாரத்துக்கு ஒரு தடவை மூச்சு விடுகிறது என்றும், அதைக் கண்டுபிடித்தது தன் மூத்த பெண் என்றும் சொல்லிவிட்டாள். பெட்டகத்தின் பெயரை அம்மா கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

சனிக்கிழமை விழாவுக்கான திரையைக் கொண்டுவர என்னைப் பின்கட்டுக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். விஞ்ஞானிகள் யாரும் அந்தக் கொட்டகைக்குள் போவதில்லை. அதன் நிழலில் காரை நிறுத்துவார்கள், அவ்வளவுதான். பெட்டகத்தின் கார் அதன் சுவரை ஒட்டியே நிற்கும். வெளிச்சத்துக்காகக் கூரையில் கண்ணாடி மாதிரியான ஃபைபர் தகடு போட்டிருந்தார்கள். உள்ளே கயிற்றுச் சுருள்கள், துருப்பிடித்த நங்கூரங்கள், கால் உடைந்த நாற்காலிகள். மூலையில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. தொட்டியில் மஞ்சளாக, ஒரு ஆள் உயரத்துக்கு, ஒரு மிதவை. அதன் தலையில் பச்சை விளக்கு ஒன்று கண்ணடித்துக்கொண்டிருந்தது.

நான் அறிவியல் பட்டதாரி. அதனால் உடனே ஒரு கருதுகோள் அமைத்தேன். இது வேறு ஏதோ மிதவை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எண் எழுதியிருந்தது. தளத்தில் நான் பதினைந்து இடங்களில் தட்டச்சு செய்த அதே எண். கருதுகோள் அத்தோடு போய்ச் சேர்ந்தது.

கொட்டகைக் காவலர் திரையைத் தேடிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். இது எப்போதிலிருந்து இங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். இரண்டு வருடம் இருக்கும் என்றார். அலை பார்க்கிற கருவி கெட்டுப்போய், அதைக் கழற்றுவதற்காகக் கரைக்குக் கொண்டுவந்தார்களாம். மிச்சக் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கத் தொட்டியில் கடல்நீர் நிரப்பி இறக்கினாராம் அப்போதிருந்த இன்ஜினியர். ஒரே ஒரு நாள் சோதனை. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போனவருக்கு மாற்றல் வந்துவிட்டது.

“அணைக்கலயா?” என்று கேட்டேன்.

“அத அணைக்கணும்னா உங்க பெரிய சார் கையெழுத்து வேணுமாம்மா. அவரு ஊர்ல இல்ல அப்போ.” காவலர் மிதவையைத் தட்டிக் கொடுத்தார். “நான் இத்தன நாளா ஊறப் போட்டிருக்காங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

தண்ணீர் எப்போது ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். பின்கட்டில் திங்கட்கிழமைதான் மோட்டார் போடுவார்களாம். பத்தரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும்.

“குழாய்த் தண்ணியா?”

“பின்ன? கடல் தண்ணிக்கு நான் எங்கம்மா போவேன்?”

கடல் ஆய்வகத்தின் கொட்டகையில் நின்றுகொண்டு அவர் அதைக் கேட்டார். வாரம் முழுக்கக் கூரை வெயிலில் தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறைகிறது, உப்பு ஏறுகிறது. திங்கட்கிழமை குழாய்த் தண்ணீர் விழுகிறது, உப்பு இறங்குகிறது. பாறைக்கு அடியில் எந்த ஊற்றும் இல்லை. ஒரு பச்சை ரப்பர் குழாய்தான் இருந்தது. சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

அன்று மாலை அக்கா கண்ணாடி முன்னால் நின்று வாய்மொழித் தேர்வுக்குப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். நான் மூன்று முறை அறைக்குள் போய் மூன்று முறை வெளியே வந்தேன். நான்காம் முறை அவளே சீப்பை ஓங்கிக்கொண்டு, என்னடி வேண்டும் என்றாள். சொன்னேன். நான் ஒரே நாளில் அவ்வளவு வாக்கியங்கள் பேசியதில்லை.

அவள் சிரித்தாள். நான் வேறு எதையோ பார்த்திருப்பேன் என்றாள். எண்ணைச் சொன்னேன். பழைய எண்ணாக இருக்கும் என்றாள். பிறகு அவளுடைய ஆய்வேட்டில் நான்காவது இயலைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். துடிப்பு ஒரு நாள் தாமதமாக வந்த வாரங்களைப் பற்றிய இயல் அது. நிலவின் ஈர்ப்பு, காற்றின் திசை என்று நாற்பது பக்கம் எழுதியிருந்தாள். சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். தாமதமான திங்கட்கிழமைகள் எல்லாம் விடுமுறை நாட்கள். காவலர் மறுநாள் வந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறார். கடல் அரசு விடுமுறைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தது.

அக்கா காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை என்றாள். டாக்டர் ஆகிறதுக்கு முன்னாடியே இவ்வளவு பிகு என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இருவரும் கொட்டகைக்குப் போனோம். ஐந்து வருடம் அந்த மிதவையோடு வாழ்ந்தவள், அதை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தொட்டியைச் சுற்றி வந்தாள். விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை.

“எடம் எங்கன்னு நான் கேட்டேன்டி,” என்றாள். “ரெண்டு வருஷம் முன்னாடி எழுதியே கேட்டேன். மாணவர்களுக்கு அது தேவையில்லன்னு சொல்லிட்டாரு.”

பச்சை விளக்கு கண்ணடித்தது. எங்களையும் அளந்து அனுப்பியிருக்கும்.

“எடம் விட்டு நகர்ந்திருக்கான்னு பாக்கத்தான் கேட்டேன். பின்கட்டுல இருக்கும்னு நெனச்சா கேட்டேன்?”

என்ன செய்யலாம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது. கேட்காமலே சொன்னாள்.

“அவரு சொன்ன மாதிரி புள்ளிய நகர்த்திடு. வியாழக்கிழமை முடியட்டும். அப்புறம் நானே போய்ச் சொல்றேன்.”

“அதுக்குள்ள வெளியாளுங்க யாராச்சும் டேட்டாவ எறக்கிப் பாத்துட்டா? காலண்டர் எல்லார் வீட்லயும் இருக்கேக்கா.”

“யாரு பாப்பா? நம்ம டேட்டாவ இதுவரைக்கும் யாராச்சும் பாத்திருக்காங்களா?”

சரியான வாதம். எங்கள் ஆய்வகத்தின் மொத்தப் பாதுகாப்பும் அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. தரவை எல்லோருக்கும் திறந்துவிட ஒரு வருடமாக உழைத்த நான், யாரும் வந்து பார்க்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே போய் ஒரு வரி நிரல் எழுதினேன். புள்ளி கூரையிலிருந்து துள்ளிக் கடலில் விழுந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை கூடத்தில் நாற்காலி போதவில்லை. இயக்குநர் ஊழியர்கள் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார், கூட்டம் நிறைய இருக்கிற மாதிரித் தெரிய வேண்டும் என்று. பணம் கொடுக்கிற குழுவின் தலைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட அம்மாள், எதையும் உற்றுப் பார்க்கிற கண். அவர் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண், மடியில் பையை அணைத்துக்கொண்டு. அவருடைய மாணவியாம். நான் மேடைக்குப் பக்கத்தில் கணினியோடு இருந்தேன். என்னைப் பேசச் சொல்ல மாட்டார்கள், அழுத்தச் சொல்வார்கள். அக்கா மேடையில், பெட்டகத்துக்கு அடுத்த நாற்காலியில். அம்மா தேய்த்துக் கொடுத்த உடையில் ஒரு மடிப்பும் இல்லை. முகத்தில்தான் இருந்தது.

இயக்குநர் பேசினார். கடலுக்குக் கதவுகள் கிடையாது, தரவுக்கும் இனிக் கதவுகள் கிடையாது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தன் பெட்டகத்தைக் கட்டிக் காத்த கையால் பெட்டகமும் தட்டினார். பிறகு எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். திரையில் நீலக் கடல், சிவப்புப் புள்ளி, பக்கத்தில் உப்பின் எண். இன்னும் சில நிமிடங்களில் இந்த எண் இறங்கும், கடலின் மூச்சை நீங்கள் நேரில் பார்க்கப் போகிறீர்கள் என்றார்.

மணி பத்தரை ஆனது. எண் அசையவில்லை.

கூடத்தின் கடைசியில் கதவு திறந்தது. கொட்டகைக் காவலர் உள்ளே வந்தார். யாரோ கொடுத்த வெள்ளைச் சட்டை, தோளில் தொளதொளவென்று. கையில் டீத் தட்டு. விழாவுக்கு ஆள் போதவில்லை என்று அவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயற்கை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்றார் பெட்டகம். பத்து நிமிடம் கழித்து அடுத்த அளவு வந்தது. எண் ஒரு துளி ஏறியிருந்தது. கடல் இன்று வெட்கப்படுகிறது என்றார் இயக்குநர். முன்வரிசையில் மரியாதைக்குச் சிரித்தார்கள். காவலர் குனிந்து, முன்வரிசையில் ஒவ்வொருவருக்காகக் கோப்பையைக் கொடுத்துக்கொண்டு வந்தார். அவசரமே படவில்லை.

காத்திருக்கிற நேரத்தில் தலைவி தன் மாணவியை எழுப்பி நிறுத்தினார். பவளப்பாறைகளைப் பற்றி ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தாளாம் இந்தப் பெண். துடிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அதை விட்டுவிட்டாள். நாளையிலிருந்து இந்தத் தளத்தின் தரவை வைத்துத்தான் அவளுடைய ஆய்வு. தரவு திறந்த முதல் நாளே அதற்கு ஒரு மாணவி கிடைத்துவிட்டாள் என்று தலைவி சொன்னதற்கு எல்லோரும் கைதட்டினார்கள். ஒல்லிப் பெண்ணுக்குக் கூச்சம். மைக்கை வாங்கவில்லை. அக்காவைப் பார்த்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள். முன்னால் இருந்ததால் எனக்கும் கேட்டது.

“எதிலேருந்து ஆரம்பிக்கலாம்க்கா? நாலு வருஷம் இருக்கு எனக்கு.”

அக்கா திரும்பித் திரையில் இருந்த எண்ணைப் பார்த்தாள்.

“நீங்க சொல்லுங்கம்மா,” என்றார் தலைவி, மைக்கில். “அஞ்சு வருஷமா இதையே பாத்திருக்கீங்க. எப்ப வரும் அந்தத் துடிப்பு?”

பெட்டகம் மைக்கை வாங்கப் போனார். அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

“இன்னிக்கு வராது மேடம்.”

கூடத்தில் யாரோ கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. தொழில்நுட்பக் கோளாறு என்று இயக்குநர் ஆரம்பித்தார். வியாழக்கிழமை நினைவிருக்கிறதா என்று பெட்டகம் அக்காவிடம் மெதுவாகக் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பினாள். ஆய்வகத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வீட்டுப் பார்வை அது.

எனக்குப் பேச்சு வராது. கை வரும். ஞாயிற்றுக்கிழமை எழுதிய அந்த ஒரு வரியை அழித்தேன். பெரிய திரையில் சிவப்புப் புள்ளி கடலிலிருந்து எழும்பி, கரையைத் தாண்டி, சாலையைத் தாண்டி, எங்கள் கூரை மேல் வந்து உட்கார்ந்தது.

“ஏம்மா, புள்ளியச் சரி பண்ணு,” என்றார் பெட்டகம் என்னிடம். சிரிப்பு போயிருந்தது.

“புள்ளி சரியாத்தான் சார் இருக்கு,” என்றாள் அக்கா. மைக் அவள் கையில் இல்லை. தேவைப்படவும் இல்லை. “மிதவை கடல்ல இல்ல மேடம். ரெண்டு வருஷமா பின்னாடி கொட்டகைல, தொட்டியில கெடக்கு. வாராவாரம் அதுல தண்ணி ஊத்துறவரு, இந்தா, உங்களுக்கு டீ குடுத்துட்டு நிக்கிறாரு.”